மீன்களின் யாத்திரை

காசிக்கும் ராமேசுவரத்துக்கும் யாத்திரை போகிறவர்களைப் பற்றி நாம் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் சென்னைப் பட்டணத்துக்கு வெகு சமீபத்திலேயே, வருஷந்தோறும், கோடிக்கணக்கான யாத்ரீகர்கள் டிக்கெட்டு வாங்காமலும் மூட்டை முடிச்சு இல்லாமலும் ஒரு குறுகிய வாசலில் நுழைந்து, சில மாதம் தங்கி, மறுபடியும் அதே வாசல் வழியாகத் திரும்பிப் போகிறார்கள் என்பது நேயர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. ஒரு சித்திரை மாதத்து வெயிலில் தோணிரேவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிய வந்தது.

சென்னையிலிருந்து வடக்கே பொன்னேரி வழியாக ஏறக்குறைய 55 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால் பழவேற்காடு வரும். ஒல்லாந்தர் 1613-ம் வருஷத்தில் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டிக்கொண்டு, சோழமண்டலக் கரை வியாபாரம் முழுவதையும் நடத்திய ஊர் அது. கோட்டை இடிந்து போயிற்று. அவர்களுடைய கல்லறைகள் மட்டும் நல்ல வேலைப்பாட்டுடன் இன்றும் நிற்கின்றன. அவற்றைப் பார்ப்பதற்கென்றே மோட்டாரில் வருகிறவர்கள் உண்டு. நான் வந்தது கல்லறைகளைப் பார்ப்பதற்காக அல்ல. ஆகையால் ஏரிக்கரைக் கிராமங்களின் பக்கம் திரும்பினேன். அவற்றுள் ஒன்றுதான் தோணிரேவு. தோணி நமக்குத் தெரிந்த சொல். ரேவு என்றால் தெலுங்கில் துறை. இரண்டு பாஷைகளும் கைகோத்துக் கொண்ட பெயர் இந்த இடத்துக்கு மிகவும் பொருத்தமே. ஏனெனில் ஏரியின் தென்கோடி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. மற்றப் பெரும் பகுதி ஆந்திர தேசத்தைச் சேர்ந்தது. எல்லை எங்கே இருக்கிறது என்ற விவரம் மனிதர்களுக்குத்தான் தெரியும். மீன்களுக்குத் தெரியாது.

தோணித் துறை என்ற பெயரைக் கேட்டு விட்டு, அலை மோதும் தண்ணீரையும் ஆடும் தோணிகளையும் எதிர்பார்த்துச் சென்ற எனக்குப் பெரிய ஏமாற்றம். தண்ணீர் கரையை விட்டு வெகுதூரம் பின்வாங்கிப் போயிருந்தது. தோணிகள் காய்ந்த சேற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அவற்றுள் ஒன்றின் நிழலில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிபார்த்துக் கொண்டிருந்தார்.

"என்ன பெரியவரே, இந்த ஏரியில் மீனே இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் தலை நிமிராமலே, "ஏரிக்கு ஏதுங்க சார் மீனு? எல்லாம் கடல் மீனு. வந்து இருந்துட்டுப் போகும். இப்போ வாசல் அடைஞ்சு கெடக்குது. எந்த வழியா வரும்?" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் பழவேற்காட்டு ஏரியின் சரித்திரம், பூகோளம், பொருளாதாரம் மூன்றும் அடங்கியிருந்தன என்று பிற்பாடு தெரிந்து கொண்டேன். அன்றைக்கு, கிழவர் ஏதோ மனக்கசப்பில் பேசுகிறார் என்றே நினைத்தேன்.

பழவேற்காட்டு ஏரி நம் மதுராந்தகம் ஏரியைப் போலவோ வீராணம் ஏரியைப் போலவோ கரை கட்டித் தண்ணீர் தேக்கிய ஏரி அன்று. கடலே நிலத்துக்குள் நீட்டிய ஒரு கை என்று அதைச் சொல்லலாம். கிழக்கே வங்காள விரிகுடாவுக்கும் ஏரிக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல் தீவு படுத்திருக்கிறது. 1971 முதல் ஆகாயத்துக்கு ராக்கெட்டு விடும் அதே ஸ்ரீஹரிகோட்டாதான். தெற்கே ஆரணி ஆறும், வடமேற்கே காளங்கி ஆறும், வடக்கே சுவர்ணமுகியின் கிளையும் ஏரியில் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. நம் தேசத்தில் உள்ள இத்தகைய உப்பங்கழி ஏரிகளில் ஒரிஸ்ஸாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது இதுவே. நீர் நிறைந்த காலத்தில் சுமார் 450 சதுர கிலோமீட்டர் பரந்திருக்கும். வற்றிய காலத்தில் 250-க்குச் சுருங்கி விடும். இவ்வளவு பரப்பு இருந்தும் ஆழம் என்று பார்த்தால் பல இடங்களில் இடுப்பளவுதான். ஏரியின் நடுவில் படகை விட்டு இறங்கி நடந்து போகும் மனிதரை முதன் முதலில் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இத்தனை பெரிய ஜலப் பரப்பு கடலோடு பேசிக் கொள்வதற்குச் சில சிறிய வாய்களே உண்டு. தமிழ்நாட்டுப் பக்கத்தில், பழவேற்காட்டுக்கு எதிரே இருப்பது ஒன்று. முகத்துவாரம் என்று அதற்குப் பெயர். பெரியவர் "வாசல்" என்று சொன்னது அதைத்தான்.

இனி நம்முடைய யாத்ரீகர்களைப் பார்ப்போம். அவர்களில் முதலிடம் இறாலுக்குத்தான். விலையை உத்தேசித்துச் சொல்லவில்லை. அதன் வாழ்க்கை அத்தனை விசித்திரமானது.

தாய் இறால் முட்டையிடுவது கரைக்கு அப்பால், ஆழ்ந்த கடலில். வரிப்புலி இறால் என்னும் பெரிய ஜாதி ஒரே இரவில் பல லட்சம் முட்டைகளைத் தண்ணீரில் உதிர்த்து விட்டுத் தன் கடமை முடிந்ததென்று போய்விடுகிறது. ஒரு நாளுக்குள் முட்டை பொரிக்கிறது. பொரித்து வருவதை இறால் என்று யாரும் சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. சிலந்தியையும் தெள்ளுப் பூச்சியையும் கலந்து செய்தாற்போன்ற ஒரு அணு அது. சட்டை மேல் சட்டையாகக் கழற்றி, உருவத்துக்கு மேல் உருவம் மாறி, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அரை அங்குலத்துக்கும் குறைவான, கண்ணாடி போன்ற இறால் குஞ்சாகிறது. உடலில் கண்கள் மட்டுமே கறுப்பாகத் தெரியும்.

இந்தத் துரும்பு எப்படிக் கடலைக் கடந்து ஏரிக்குள் நுழைகிறது? நீந்தி வருவதென்றால் நடக்கிற காரியமல்ல. கடல் ஓதத்தின் வேகத்துக்கு முன்னால் அது எம்மாத்திரம்? ஆனால் அது ஒரு யுக்தி செய்கிறது. கடல் ஏறி முகத்துவாரத்துக்குள் பாயும் நேரத்தில் அடித்தரையை விட்டு மேலே கிளம்பி நீரோடு நீராக மிதந்து உள்ளே வருகிறது. கடல் இறங்கி, ஏரித் தண்ணீர் வெளியே ஓடும் நேரத்தில் அடியில் இறங்கி மணலையும் பாசியையும் பற்றிக் கொள்கிறது. மறுபடியும் ஏற்றம் வந்தால் மறுபடியும் சவாரி! வெளியே போகிற வண்டியில் ஏறாமல், உள்ளே வருகிற வண்டியில் மட்டும் ஏறத் தெரிந்த பிரயாணி வழி தவறுவானா? ஏற்றத்தின்போது தண்ணீரில் உப்பு கூடுகிறது, வற்றத்தின்போது குறைகிறது. அந்த நுட்பமான வித்தியாசத்தைக் கொண்டே குஞ்சு வண்டியை அடையாளம் கண்டு கொள்கிறது என்று இறால்களை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

ஏரிக்குள் வந்து விட்டால் அதற்குத் தாய்வீடுதான். ஆழமில்லாத தண்ணீரில் வெயில் அடிவரை இறங்குகிறது. ஆறுகள் கொண்டு வந்த வண்டலில் பாசியும் நுண்ணிய பிராணிகளும் பெருகிக் கிடக்கின்றன. கடலில் துரத்தித் தின்னும் பெரிய மீன்களுக்கு இந்தக் குட்டைத் தண்ணீர் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. மூன்று நான்கு மாதம் நன்றாகத் தின்று நாலைந்து அங்குலம் வளர்ந்ததும், இறாலுக்குக் கடல் நினைவு வருகிறது. உப்புக் குறைந்த நீரில் உடம்பின் உப்பைக் காத்துக் கொள்ளும் வல்லமை இளமையில் அதற்கு அதிகம். வயதாக ஆக அது குறைந்து போகிறது. ஐப்பசி மழையில் ஆறுகள் பெருகிப் புதுவெள்ளம் ஏரியில் பாய்ந்ததும், வளர்ந்த இறால் கூட்டங் கூட்டமாகக் கடலை நோக்கிப் புறப்படும். பகலில் போகாது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய உவா நாட்களில், வற்றத்து நீரோட்டம் வேகங் கொள்ளும் இரவு நேரத்தில்தான் போகும். கடலில் போய்த்தான் அதற்குக் குடும்ப வாழ்க்கை. ஏரியில் பிடிபடும் இந்த ஜாதி இறாலில் முட்டையோடு முதிர்ந்த பெண் கிடைப்பதில்லை என்பதை மீனவர் அறிவார்கள். டாக்டர் நெ. கே. பணிக்கரும் கிருஷ்ண மேனனும் 1956-ல் இந்திய இறால்களைப் பற்றி எழுதிய ஆராய்ச்சியில் இந்த இரட்டை வாழ்க்கையை விளக்கினார்கள். பணிக்கர், 1947-ல் சென்னையில் தொடங்கப் பெற்ற மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பிற்பாடு தலைமை தாங்கியவர்.

நண்டின் சமாசாரம் இன்னும் வேடிக்கை. ஏரிச் சேற்றில் வாழும் பெரிய பச்சை நண்டு இருக்கிறதே, சிங்கப்பூருக்குக் கூடை கூடையாக உயிருடன் ஏற்றுமதியாகிறதே, அதற்குக் கலியாணம் ஏரியில், பிரசவம் கடலில். பெண் நண்டு ஓடு கழற்றப் போவதை முன்கூட்டியே அறிந்து, ஆண் நண்டு சில நாட்கள் அதைத் தன் கால்களுக்கடியில் அணைத்துச் சுமந்து கொண்டே திரியும். ஓடு கழன்று பெண் மெத்தென்று இருக்கும் வேளையில் கூடும். புது ஓடு இறுகும் வரையில் காவலும் இருக்கும். பிறகு பெண் நண்டு தனியே முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போய்ப் பல லட்சம் முட்டைகளைப் பொரிக்க விடும். ஆண் நண்டு ஏரியிலேயே தங்கி விடும். அதன் பிள்ளைகள் கடலில் பிறந்து, அரிசியளவு ஆனதும் அப்பாவின் வீட்டைத் தேடிக்கொண்டு வருகின்றன.

மடவை மீனும் கடலில்தான் முட்டையிடுகிறது. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அதன் குஞ்சுகள் முகத்துவாரத்தில் திரளும். கொடுவா மீன் முதலில் ஆணாக வாழ்ந்து, சில வருஷங்கள் கழித்துப் பெண்ணாக மாறி விடுகிறது. மோகினி அவதாரத்தைப் பற்றிப் படித்த நமக்கு இது பெரிய ஆச்சரியமாக இராது. கடல் கெளுத்தியில் ஆண்தான் முட்டைகளை வாயில் வைத்து அடை காக்கிறது. குஞ்சுகள் வெளிவரும் வரை வாரக் கணக்கில் பட்டினி. கிழவர் சொன்னதற்கு ஒரு திருத்தமும் வேண்டும். மலையாளத்தார் கரிமீன் என்று கொண்டாடும் மீன் உப்பங்கழியிலேயே முட்டையிட்டு, தாயும் தகப்பனுமாகக் காவல் காத்துக் குஞ்சுகளை வளர்க்கும். அதற்கு எந்த யாத்திரையும் கிடையாது. எனினும் வலையில் விழுந்து வீட்டுக்கு அரிசி வாங்கித் தருபவற்றில் பெரும் பங்கு கடல் யாத்ரீகர்களே.

மீனுக்கு இப்படி இரண்டு வீடு இருப்பது உலகம் முழுவதும் உள்ள விஷயந்தான். ஐரோப்பிய ஆறுகளில் வளரும் விலாங்கு எங்கே முட்டையிடுகிறது என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. டென்மார்க் தேசத்து யோஹானஸ் ஷ்மிட் என்பவர் 1904 முதல் கப்பலில் சுற்றி, மேலும் மேலும் சிறிய குஞ்சு எங்கே கிடைக்கிறது என்று தேடிக்கொண்டே போய், 1922-ல் அட்லாண்டிக் சமுத்திரத்தின் மறுபக்கத்துச் சர்காசோ கடல்தான் அதன் பிறந்தகம் என்று அறிவித்தார். அந்த விலாங்கு ஆயிரக்கணக்கான மைல் போகிறது. நம் இறால் போவது சில மைல்களே. ஆனால் அட்லாண்டிக் சமுத்திரத்துக்குக் கதவு கிடையாது. பழவேற்காட்டுக்குக் கதவு இருக்கிறது.

அந்தக் கதவைச் சாத்துகிறவன் யார்? மணல்தான். சோழமண்டலக் கரையில் கடல் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அலைகள் கரையோடு சாய்ந்து மோதி மணலை வடக்கே தள்ளுகின்றன. வாடைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வருஷ முடிவில் வடக்கே போனதுதான் அதிகம். இந்த மணல், ஆற்று வெள்ளம் இல்லாத மாதங்களில் முகத்துவாரத்தில் வந்து திட்டுத் திட்டாகப் படிகிறது. சென்னைக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் உவா நாளிலும் சுமார் 1 மீட்டர்தான். அந்த மெலிந்த நீரோட்டத்தால் மணலை அடித்துக் கொண்டு போக முடிவதில்லை. நல்ல மழை பெய்து ஆறுகள் நிரம்பி வந்தால் வெள்ளமே மணல் மேட்டை உடைத்துக் கொண்டு கடலுக்குப் போய்விடும். மழை பொய்த்தால்?

மழை பொய்த்தால் முகத்துவாரம் முதலில் குறுகி, பிறகு முழங்காலளவாகி, முடிவில் நடந்து கடக்கும் மணல் பாலமாகி விடுகிறது. குஞ்சுகள் வெளியே நிற்கின்றன. உள்ளே வளர்ந்தவை வெளியே போக முடியாமல் தவிக்கின்றன. வெயிலில் தண்ணீர் ஆவியாகப் போக, உப்பு மட்டும் தங்கி விடுகிறது. கடல் நீரில் ஆயிரம் பங்குக்கு 35 பங்கு உப்பு. மழைக்காலத்தில் ஆற்று முகங்களில் ஏரி நீர் ஏறக்குறைய நன்னீராகவே இருக்கும். கோடையில் ஏரியின் வடபாகத்தில் உப்பு 50 பங்கையும் தாண்டுவதுண்டு. பிறகு அங்கே வெறும் உப்புப் படிந்த வெட்டவெளிதான். கடலையும் விஞ்சிய உப்பில் கடல் மீனே பிழைப்பது கஷ்டம்.

இப்படி அடைபட்ட வருஷங்களில் குப்பத்து மக்கள் மண்வெட்டியும் கூடையுமாகத் திரண்டு போய்த் தாங்களே மணலை வெட்டிக் கால்வாய் திறந்திருக்கிறார்கள். கடலை நோக்கி மனிதர் கையால் வாய்க்கால் வெட்டுவது! முதலில் ஒரு விரல் கனத்துக்கு ஓடும் தண்ணீர், ஓட ஓடத் தானே கரையை அரித்து அகலப்படுத்திக் கொள்ளும் என்பது அவர்கள் நம்பிக்கை. சில சமயம் நம்பிக்கை பலித்து விடும். சில சமயம் ஒரே இரவில் அலை வந்து மூடி விடும். சர்க்கார் இயந்திரங்களும் வந்து தூர் வாரியிருக்கின்றன. தூர் வாரிய மணல் அடுத்த தென்மேற்குக் காற்றில் திரும்பி வந்து விட்டது.

வாசல் எவ்வளவு முக்கியமோ அவ்வளவுக்கு வாசலருகே வலை கட்டும் இடமும் முக்கியம் அல்லவா? வற்றத்தில் வெளியேறும் இறால் முழுவதும் அந்தக் குறுகிய நீரோட்டத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். அங்கே கழி நட்டு வலை கட்டியவனுக்கு அதிர்ஷ்டம். யார் கட்டுவது என்று தினம் ஒரு சண்டை மூளாமல் இருப்பதற்காக ஏற்பட்டதுதான் "பாடு" என்னும் ஏற்பாடு. உரிமையுள்ள குப்பங்களில் கலியாணமான ஒவ்வொரு ஆண்மகனும் ஒரு தலைக்கட்டு. சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்ன இடம் இன்ன கூட்டத்தாருக்கு என்று முறை வைக்கிறார்கள். நல்ல இடம் கிடைத்தவன் மறுமுறை மட்டமான இடத்துக்குப் போக வேண்டும். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதே போன்ற கட்டு வலை, இதே போன்ற சீட்டு. அங்கே நான்கு ஊர்ச் சங்கங்கள் முறை வைத்து நடத்தும் வழக்கத்தை 1958-ல் சட்டமாகவே எழுதி விட்டார்கள்.

பாட்டு முறையைப் பாராட்டி எழுதியவர்கள் பலர். நானும் பாராட்டவே வந்தேன். ஆனால் ஏரியைச் சுற்றி உள்ளவர்கள் எல்லாருக்கும் பாடு கிடையாது என்பதை மறைத்து எழுதுவது நியாயமாகாது. பாட்டு உரிமை சில குப்பங்களுக்கே பரம்பரையாக உண்டு. மற்றவர்கள் வீச்சு வலையும் நண்டு வலையும் கொண்டு ஏரியின் மற்றப் பாகங்களில் பிழைக்கிறார்கள். இருளர்களோ வலைகூட இல்லாமல், இடுப்பளவுத் தண்ணீரில் மணிக்கணக்காகக் குனிந்து சேற்றைத் தடவி இறாலைக் கையாலேயே பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட்டு வைக்கும் பறியின் விளிம்பைப் பல்லில் கடித்துக் கொண்டு போகும் பெண்களை அங்கே காணலாம். இரண்டு கைகளும் தண்ணீருக்குள் வேலை செய்ய வேண்டுமே, வேறு என்ன செய்வார்கள்? இறாலுக்கு அந்நிய நாடுகளில் விலை ஏறிய பிறகு, பாடு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் நடுவில் மனத்தாங்கல் முற்றிற்று. வாசல் அடைபட்ட வருஷத்தில் இரு தரத்தாருக்கும் ஒரே பட்டினிதான்.

அதே இறால் விலை இன்னொரு வினையையும் கொண்டு வந்தது. 1990-களில் கடற்கரை நெடுக இறால் பண்ணைகள் தோன்றின. குளங்களின் கழிவு நீர் உப்பங்கழிகளில் கலந்தது. வயல்கள் உப்பேறின. இதை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவர் வினோபாவின் வழியில் நடந்த சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர், தள்ளாத வயதில் இறாலுக்காகக் கோர்ட்டுப் படி ஏறினார்! 1996 டிசம்பர் 11-ல் வெளியான தீர்ப்பு அவர் பக்கம் நின்றது. சிலிகா, பழவேற்காடு ஆகிய இரண்டு ஏரிகளின் பெயரையும் குறிப்பிட்டு, அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்று நீதிபதிகள் எழுதினார்கள்.

சிலிகா என்றதும் சொல்ல வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. அந்த ஏரியின் முகத்துவாரமும் மணலால் நீண்டு நெளிந்து தூர்ந்து போயிருந்தது. அங்கே வியாதி நேர் எதிரானது: கடல் நீர் வராததால் உப்புக் குறைந்து, களை படர்ந்து, மீன் அற்றுப் போயிற்று. ஆண்டுக்கு 2,000 டன்னுக்கும் குறைவாகவே மீன் கிடைத்தது. 2000-ம் வருஷம் செப்டம்பர் 23-ல், நீரோட்டங்களை அளந்து தேர்ந்தெடுத்த இடத்தில் கடலுக்குப் புதிய வாய் திறந்தார்கள். குஞ்சுகளை வாங்கி வந்து ஏரியில் விடவில்லை. வழியைத் திறந்தார்கள், அவ்வளவே. இரண்டே வருஷத்தில் மீன் 10,000 டன்னைத் தாண்டி விட்டது. ஆபத்தில் இருக்கும் நீர்நிலைகளின் சர்வதேசப் பட்டியலில் 1993-ல் ஏறிய சிலிகாவின் பெயர் 2002-ல் நீங்கியது.

அப்படியானால் பழவேற்காட்டிலும் அவ்விதமே செய்து விட வேண்டியதுதானே என்று நேயர்கள் கேட்கலாம். தமிழ்நாடு அரசாங்கம் முகத்துவாரத்தின் இரு பக்கங்களிலும் கற்சுவர் எழுப்பி, வாசலை எப்போதும் திறந்து வைக்கும் வேலையை அண்மையில் கையில் எடுத்தது. மீனவர்கள் வெகுகாலமாகக் கேட்டு வந்த வேலை அது. நல்லதே. ஆனாலும் மணலோடு விளையாடுவதில் நமக்கு ஏற்கெனவே ஒரு பாடம் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் 1870-களில் கடலுக்குள் நீள ஆரம்பித்ததிலிருந்து, வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே தேங்கிற்று. நாம் மாலை வேளையில் சுண்டல் தின்னும் மெரீனாவின் அகலம் அவ்விதம் வந்ததே. வடக்கே ராயபுரத்துக் கரையோ கடலுக்கு இரையாகி, மீனவர் தெருக்கள் போய், கருங்கல் கொட்டிக் காக்கும்படி ஆயிற்று. பிறகு எண்ணூரில் 2001-ல் ஒரு துறைமுகம். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் 2013-ல் இன்னொன்று. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை இன்னும் பெரிதாக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் பழவேற்காட்டுக் குப்பங்கள் கொதித்து எழுந்ததற்குக் காரணம் வெறும் பிடிவாதம் அன்று. தெற்கே ஒரு கல்லை நட்டால் வடக்கே ஒரு கரை தேயும் என்பதை அவர்கள் மூன்று தலைமுறையாகக் கண்ணால் கண்டவர்கள்.

இதையெல்லாம் படித்தும் கேட்டும் அறிந்து கொண்ட பிறகு, கார்த்திகை மாதத்து அமாவாசை ஒன்றில் மறுபடியும் தோணிரேவுக்குப் போனேன். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்திருந்தது. சித்திரையில் நான் நடந்த சேற்றுத் தரையில் இப்போது தண்ணீர் தளும்பியது. தூரத்தில் பூநாரைகள் வந்து இறங்கியிருந்தன. வெள்ளை வேஷ்டி உலர்த்தியது போல ஒரு நீண்ட வரிசை. அவ்வப்போது ஒன்று சிறகை விரித்தால் உள்ளே ரோஜா நிறம். பெரியவர் என்னை அடையாளம் கண்டு கொண்டார்.

"வாங்க சார். ஆறு வந்து அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. இப்ப வாசலைப் பாருங்க, ஆள் நிலைக்காது!"

"ஆகவே இனி கவலை இல்லை என்று சொல்லுங்கள்."

"அது எப்பிடி சார் சொல்றது? கடல்லே முட்டை போடுற காலம்னு ஏப்ரல் 15-லேருந்து 61 நாளைக்கு விசைப் படகு போகக்கூடாதுன்னு தடை போடுறாங்க. நல்லதுதான். முட்டை பொரிச்சு வர்ற குஞ்சு உள்ளே வரணுமில்ல? அந்த நேரத்துக்குத்தான் வாசல் அடைஞ்சுடுது."

இரவு பத்து மணி சுமாருக்கு ஒரு படகில் என்னை முகத்துவாரத்தின் பக்கம் அழைத்துப் போனார்கள். கும்மிருட்டு. தண்ணீரில் வரிசையாகக் கழிகள் நின்றன. அவற்றுக்கு நடுவே வலைகள் பை போல வாய் திறந்து கிடந்தன. அங்கங்கே பாட்டுக்காரர்களின் படகுகளில் விளக்குகள் தெரிந்தன. யாரும் உரக்கப் பேசவில்லை. கடல் ஏறி நின்ற நேரம். ஓட்டம் எந்தப் பக்கமும் இல்லாமல் ஏரி உறங்குவது போலிருந்தது.

படகோட்டி ஒரு காய்ந்த பாசித் துணுக்கைத் தண்ணீரில் போட்டு, அதன் மேல் டார்ச்சு விளக்கின் வெளிச்சத்தை விட்டுக் கொண்டிருந்தான். அது கொஞ்ச நேரம் இருந்த இடத்திலேயே சுழன்றது. பிறகு மெல்லக் கிழக்கு நோக்கி நகர்ந்தது.

"திரும்பிடுச்சு" என்றான்.

வலைகளின் பக்கத்தில் இருந்த விளக்குகள் ஒவ்வொன்றாகத் தணிந்தன. சற்று நேரத்துக்கெல்லாம் படகின் அடியில், நெருப்புத் துளிகளைப் போன்ற சிவந்த கண்கள், ஒன்று, பத்து, நூறு என்று இருட்டுத் தண்ணீரில் எங்களைக் கடந்து கடலை நோக்கிப் போகத் தொடங்கின.